ஏறிச் செல்வதா, ஏற்றிச் செல்வதா?



சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. தூத்துக்குடியில் என் தங்கையின் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடைபெற்றது. வழக்கிற்குரிய பொருள் ஒரு மோட்டார் சைக்கிள். என் மைத்துனர் முப்பது ஆண்டுகளாக ஓட்டிய பழைய புல்லட் வண்டி அது. அவர் நோயுற்று மறைந்து ஈராண்டுகள் ஆகிவிட்டன. வண்டி முற்றத்து வேப்பமரத்தடியில், சாக்குப் போர்வைக்குள், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவருடைய மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. தந்தையின் வண்டியைத் தன்னுடன் கொண்டு போகவேண்டும் என்று அவன் விரும்பினான். விருப்பத்தில் எவருக்கும் மாறுபாடு இல்லை. எப்படிக் கொண்டு போவது என்பதில்தான் வழக்கு.

“ஓட்டிக்கொண்டே போய்விடுகிறேன், மாமா. விடியற்காலையில் புறப்பட்டால் இரவுக்குள் சென்னை” என்றான் மருமகன்.

“அறுநூறு கிலோமீட்டர், அண்ணே. ரயிலில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள்” என்றாள் தங்கை. அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கணவனை இழந்தவள்; ஒரே மகன். சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது.

இருவரும் என்னை நடுவராக்கினர். நடுவர் என்பவர் இரு பக்கத்தையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அவ்வாறு எடை போட்டபோது எனக்குத் தோன்றியவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இதே கேள்வியை உங்கள் வீட்டுத் திண்ணையில் எழுப்பத்தான் போகிறீர்கள்.

இந்தக் கேள்வி மோட்டார் சைக்கிளோடு பிறந்தது என்று எண்ண வேண்டா. எங்கள் ஊர்க் கடற்கரையில் அது மிகப் பழைய கேள்வி. தூத்துக்குடித் தோணிகளை நீங்கள் அறிவீர்கள். இங்கிருந்து கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் பிற சரக்கும் ஏற்றிச் சென்ற பெரிய மரக்கலங்கள் அவை. இப்பொழுது எந்திரம் பொருத்தப்பட்டுவிட்டது. முன்பு பாயும் காற்றுமே அவற்றின் எந்திரம். கடலில் தன் பாயை விரித்துத் தானே ஓடும் தோணி, காற்றில்லாத பொழுதிலும் துறைமுகத்தின் குறுகிய வாயிலிலும் ஓர் இழுவைப் படகின் கயிற்றுக்குத் தலைகொடுத்துப் பின்னே செல்லும். அதைப் பார்த்து எந்தத் தண்டலும் தலைகுனிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முத்துக்குளிப்பிலும் இப்படியே. நள்ளிரவுக்குப் பின் கரையிலிருந்து வீசும் காற்றில் படகுகள் பாருக்குச் செல்லும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் திரும்பும். காற்று ஏமாற்றிய நாட்களில், இலங்கைக் கரையில் நடந்த முத்துக்குளிப்பின்போது நீராவிக் கப்பல்களே படகுகளை வரிசையாகக் கட்டி இழுத்து வந்தன. குளியாளின் மூச்சும் கையும் பாரில் பயன்படவேண்டியவை. பாருக்குப் போகும் வழியிலேயே துடுப்புப் போட்டுத் தீர்ந்துவிடக் கூடாது. இந்தக் கணக்கை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நம் பக்கத்துக் கரையில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பே அவ்வகையில் பெரிய அளவில் நடந்தவற்றுள் கடைசி.

துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புதிய ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை, பெரிய கப்பல்கள் கரைக்கு வர இயலாது. கடல் அவ்வளவு ஆழமற்றது. அவை பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கடல்களைத் தானே கடந்து வந்த சரக்கு, கடைசிச் சில கல் தொலைவுக்குத் தோணியில் ஏறியே கரை சேர்ந்தது. ஆகவே, ஏறிச் செல்வதும் ஏற்றிச் செல்வதும் பகை அல்ல என்பது எங்கள் ஊருக்குப் பழகிய செய்தி.

ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் ஒரு மிடுக்கு உண்டு. வண்டியை லாரியிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்பவனை அவர்கள் சற்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். மேல்நாடுகளில் காருக்குப் பின்னே ஒரு சிறு இழுவண்டியைப் பூட்டி, அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மலைப்பாதையின் அடிவாரம் வரை கொண்டு சென்று, அங்கே இறக்கி ஓட்டுவோர் பலர். அவர்களுக்கும் சொந்தக் காலில் செல்வோருக்கும் இடையே ஓயாத வாக்குவாதம். நம் நாட்டில் காரும் இழுவண்டியும் அவ்வளவு பழக்கமாகவில்லை. அந்த இடத்தை இங்கே ரயில்வண்டியின் சரக்குப் பெட்டியும், ‘குட்டியானை’ என்று நம் மக்கள் அன்போடு அழைக்கும் சிறு சரக்கு வண்டியும் பிடித்துக்கொண்டன.

அந்த மிடுக்குக்கு மருந்தாக இரண்டு வரலாறுகளை மருமகனுக்குச் சொன்னேன். 1952-இல் எர்னஸ்டோ சே குவேரா என்ற மருத்துவ மாணவர், தம் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனடோவுடன், 500 சி.சி. நார்ட்டன் வண்டி ஒன்றில் அர்ஜென்டினாவிலிருந்து புறப்பட்டார். அந்தப் பயணம் பின்னர் நூலாகவும் திரைப்படமாகவும் உலகப் புகழ் பெற்றது. அதன் பெயரிலேயே மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆனால் அந்த வண்டி சிலி நாட்டில் உயிரை விட்டு, ஒரு லாரியில் ஏறித்தான் சாந்தியாகோ நகரை அடைந்தது. எஞ்சிய பெரும் பயணத்தை அவர்கள் வண்டி இல்லாமலே முடித்தார்கள். மற்றொன்று இதற்கு நேர்மாறானது. தெரசா வாலாக், பிளாரென்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்மணிகள் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து ஒரு பாந்தர் மோட்டார் சைக்கிளில் கிளம்பினர். பக்கப் பெட்டி ஒன்று. பின்னால் ஓர் இழுவண்டி வேறு. அந்த மோட்டார் சைக்கிளை எவரும் இழுக்கவில்லை. அதுதான் இழுவண்டியை இழுத்தது! சகாராப் பாலைவனத்தைக் கடந்து, 1935 ஜூலையில் அவர்கள் கேப் டவுன் சேர்ந்தார்கள். இரண்டையும் கேட்ட மருமகன், “பார்த்தீர்களா மாமா, இரண்டாவது கதை என் பக்கம்” என்றான். வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டிய பிள்ளை.

சரி, வண்டியின் உடல்நிலையிலிருந்து தொடங்குவோம். நெடுந்தொலைவு ஓட்டினால் எந்திரம் தேய்ந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது பாதி உண்மையே. குளிர்ந்த எந்திரத்தைக் கிளப்பி, கடைத்தெருவரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டால், அது முழுச் சூட்டை அடைவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து நீராகி எண்ணெயில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் சிறிது கலக்கிறது. சீரான வேகத்தில் இரண்டு மணிநேரம் ஓடும் எந்திரத்தில் இந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். எனவே, நல்ல நிலையிலுள்ள எந்திரத்துக்கு நெடும்பயணம் நோயன்று. நெடுநாள் நிற்பதுதான் நோய். கரையில் ஏற்றி நிறுத்திய மரத்தோணியைப் பாருங்கள். வெயிலில் பலகை சுருங்கி, இணைப்புகள் வாய் பிளந்துவிடும். மறுபடி கடலில் இறக்கினால் தண்ணீர் உள்ளே வரும். வேப்பமரத்தடியில் ஈராண்டு நின்ற புல்லட்டும் அப்படியே. ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கும். பெட்ரோல் கெட்டுக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படிந்திருக்கும்.

நெடும்பயணத்தில் உண்மையாகத் தேய்பவை வேறு. பின்சக்கரத்து டயர் நேரான சாலையில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. சங்கிலி நீள்கிறது. பழைய புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டருக்கு 70 மில்லிமீட்டர் குறுக்களவு. அதனுள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. மொத்தம் 346 கன சென்டிமீட்டர். ஒரே பெரிய பிஸ்டன் இப்படி மேலும் கீழும் பாய்வதால் எழும் அதிர்ச்சி, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும். ஓட்டுபவனின் உள்ளங்கையை மரத்துப் போகச் செய்யும். எண்ணெய் ஒழுகாத பழைய புல்லட் இல்லை என்று மெக்கானிக்குகள் சொல்வது முழுவதும் வேடிக்கையன்று.

அப்படியானால் ஏற்றிச் சென்றால் தேய்வே இல்லையா? இங்கேதான் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலைகளிலிருந்து புத்தம் புதிய கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். இறக்கிப் பார்த்தபோது சில கார்களின் சக்கர பேரிங்குகளில் தேய்ந்த பள்ளங்கள் காணப்பட்டன. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள்! காரணம் என்ன? ஓடும்பொழுது பேரிங்கின் குண்டுகள் உருண்டுகொண்டே இருப்பதால் மசகெண்ணெய் எங்கும் பரவுகிறது. நிற்கும் வண்டியிலோ, ரயில் குலுங்கும்போதெல்லாம் குண்டுகள் அதே இடத்தில் மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைகின்றன. அவ்விடத்து எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடுகிறது. இரும்பும் இரும்பும் நேரே உரசுகின்றன. மோட்டார் சைக்கிளின் ஓர் இரவு ரயில் பயணத்துக்கு இதை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. எனினும், சுமக்கப்படும் பொருள் ஓய்வில் இருக்கிறது என்று நாம் எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஏற்றிச் செல்வதில் வண்டிக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை கட்டத் தெரியாமல் கட்டுவதால் வருபவை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மோட்டார் சைக்கிளைக் கோயம்புத்தூருக்கு ஒரு சரக்கு வண்டியில் கொண்டு போனேன். பக்கத்துத் தாங்கியில் சாய்த்து நிறுத்தி, ஹேண்டில்பாரின் இரு நுனியையும் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டேன். முடிச்சில் குறையில்லை, அது கடைசிவரை அவிழவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் சுருள்வில் அமுங்கியது. அமுங்கிய நொடியில் கயிறு தளர்ந்தது. மீண்டும் எழும்பும்போது கயிற்றை வெட்டி இழுத்தது. நார்க்கயிறு சிறிது சிறிதாக நீண்டது. இறக்கும்போது என் வண்டி படுத்திருந்தது. கிளட்ச் பிடி ஒடிந்து, பெட்ரோல் தொட்டியில் உள்ளங்கை அளவு பள்ளம். “இதைக் கட்டினது யாரு, சார்?” என்று சுமையிறக்க வந்தவர் கேட்டார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

அந்தப் பெரியவர்தான் எனக்குக் கட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். முதலில், முன்சக்கரம் வண்டியின் முன்சுவரில் நேராக முட்டி நிற்கவேண்டும், வளையக் கூடாது. தாங்கிகள் இரண்டையும் மடக்கிவிட வேண்டும். ஒற்றைத் தாங்கியில் சாய்த்துக் கட்டினால், கட்டின் பாரமெல்லாம் அந்த ஒரு கம்பியில் இறங்கி அதை வளைத்துவிடும். கயிறு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன்கயிறுகளை ஹேண்டில்பார் நுனியில் போடாமல், ஹேண்டில்பாரும் முன்கால்களும் சேரும் உறுதியான இடத்தில் போட்டு, இரு முன்மூலைகளுக்கும் சாய்வாக இறக்கி இறுக்க வேண்டும். இறுக்கும்போது முன்கால்களின் சுருள்வில் ஏறக்குறையப் பாதி அளவு அமுங்கவேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் வண்டி மேலும் அமுங்கினாலும் கயிறு முற்றும் தளராது. வில்லே கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். முழுவதும் அமுக்கிவிட்டால் வேறு கேடு. முன்கால்களில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஆயில் சீல் பிதுங்கிக் கசியத் தொடங்கும். இதற்கென்று டயருக்கும் மட்காப்புக்கு மேலுள்ள சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைப்பவர்களும் உண்டு. நீளாத நைலான் பட்டை இருந்தால் நார்க்கயிற்றைத் தொடவே வேண்டா. பத்துக் கல் சென்றதும் ஒருமுறை நிறுத்தி, கட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். முதல் பத்துக் கல்லில்தான் எல்லாம் தளர்ந்து தன் இடத்தில் அமரும். இவற்றுள் எதையும் நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. ஒடிந்த கிளட்ச் பிடிதான் எனக்குப் பாடப்புத்தகம்.

வண்டியைப் பற்றி இவ்வளவு. வண்டிக்கு ஒடிந்தால் புதுப் பிடி கிடைக்கும். வண்டியின்மேல் இருப்பவனைப் பற்றி இனிப் பேசவேண்டும்.

உங்கள் இயற்பியல் பாடத்தைச் சற்றே நினைவுகூருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது என்றும், அதன்பின் வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைகிறது என்றும் கொள்வோம். பழைய டிரம் பிரேக்குக்கு இது தாராளமான மதிப்பு. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். கண்டு உணர்வதற்குள் 14 மீட்டர், நிற்பதற்கு மேலும் 19 மீட்டர். ஆக 33 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில்? உணர்வதற்குள் 22, நிற்பதற்கு 49; ஆக 71 மீட்டர். வேகம் இருமடங்குகூட ஆகவில்லை. தூரம் இருமடங்கைத் தாண்டிவிட்டது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே காரணம். பழைய புல்லட்டின் முகவிளக்கு இருட்டில் 50 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், தான் காணாத இடத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறான்.

மருமகன் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தான். “இரவில் ஓட்டமாட்டேன், மாமா” என்றான். இளைஞர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். எனவே அவனிடம், அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியதாயிற்று. என் தங்கையும் அருகில்தான் இருந்தாள்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தேன். காலையில் புறப்படுவதாகத் திட்டம், புறப்பட்டது பிற்பகலில். வழியில் தங்குவதாகத் திட்டம். ஊர் நெருங்க நெருங்கத் தங்க மனமில்லை. அருப்புக்கோட்டை கடந்தபோது நள்ளிரவும் கடந்துவிட்டது. எட்டயபுரத்துக்குச் சற்று முன்னால் கரிசல் காட்டின் நடுவே சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். காற்று ஒரே சீராக முகத்தில் அடித்தது. எந்திரம் ஒரே சுருதியில் பாடியது. கண்ணை மூடியதாக எனக்கு நினைவில்லை. வண்டியின் அடியில் சரளைக் கற்கள் தெறிக்கும் ஓசைதான் என்னை எழுப்பியது. நான் சாலையில் இல்லை; சாலையோரச் சரளையில் ஓடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் உறங்கியிருப்பேன்? இரண்டு வினாடி இருக்கலாம். 70 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி என்பது 39 மீட்டர். அந்த 39 மீட்டரில் ஒரு புளியமரமோ, விளக்கில்லாமல் நின்ற மாட்டு வண்டியோ இல்லை. என்னிடம் எந்தத் திறமையும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லாததால் பிழைத்தேன். வண்டியை நிறுத்தி, விடியும்வரை சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ‘டயர் பஞ்சர்’ என்று சொன்னேன். இதை முடித்தபோது என் தங்கை என்னைப் பார்த்த பார்வையை இங்கே வருணிக்க முடியாது. அன்றைக்கு எனக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தவள் அவளே.

காரில் தூங்குபவனுக்கும் இதே ஆபத்துதான். ஆனால் மோட்டார் சைக்கிளில் உடல் களைப்பு விரைந்து வருகிறது. வெயிலும் காற்றும் உடலின் நீரை உறிஞ்சுகின்றன; காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. தலைக்கவசத்துக்குள் இரைச்சல் ஓயாமல் செவியைக் களைப்பூட்டும். பக்கக் காற்றோ தனிப் பகை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று புறப்பட்டால், கயத்தாறு வெளியில் வண்டியை ஒருபக்கம் சாய்த்தபடியே நேராக ஓட்டவேண்டியிருக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. 1986-இலேயே எங்கள் ஊருக்கருகில் முள்ளக்காட்டில் அவை சுழலத் தொடங்கின. எதிரே ஒரு பெரிய லாரி வந்து அரைநொடி காற்றை மறைத்தால், சாய்ந்திருந்த வண்டி அந்தப் பக்கமாகவே பாயும். இதை எதிர்பார்த்துக் கையைத் தளர்த்திப் பிடிப்பவனுக்கு ஒன்றுமில்லை, அறியாதவன் தடுமாறுவான்.

சில இடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது என்பதையும் நினைவூட்டுகிறேன். பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. சாலைப் பாலமோ 1988-இல்தான் வந்தது. இடைப்பட்ட எழுபத்துநான்கு ஆண்டுகளில் இராமேசுவரம் செல்ல விரும்பிய மோட்டார் சைக்கிள், ரயிலிலோ படகிலோ ஏறித்தான் ஆகவேண்டும். மிடுக்குள்ளவர்களும் ஏற்றித்தான் சென்றார்கள். இன்று தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புறப்பட்டு, தருவைக்குளம், வேம்பார் தாண்டி, கடலின் மேலேயே ஓட்டிச் சென்று தீவில் இறங்கலாம். ஓட்டுவதன் இன்பம் என்னவென்று கேட்பவர்களுக்கு அந்தச் சாலையை நான் காட்டுவேன். உப்பளங்களில் காலை வெயில் பட்டு வெண்மேடுகள் மின்னும். கருவாட்டு மணம் எங்கே முடிந்து உடைமர வாடை எங்கே தொடங்குகிறது என்பதை மூக்கு அறியும். ரயிலின் சரக்குப் பெட்டிக்குள் இருக்கும் வண்டிக்கும், படுக்கையில் உறங்கும் உரிமையாளனுக்கும் இவற்றில் ஒன்றும் இல்லை. (வீடு திரும்பியதும் வண்டியை நல்ல நீரால் கழுவிவிடுங்கள், உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது.)

ரயிலில் அனுப்பும் முறை எளிது. பயணச் சீட்டு உள்ளவர் தம் உடைமையாகப் பதிவு செய்து தாம் செல்லும் வண்டியிலேயே கொண்டு போகலாம். இல்லாதவர் பார்சலாக அனுப்பலாம். பதிவுச் சான்றின் நகலும் அடையாளச் சான்றின் நகலும் வேண்டும். பெட்ரோல் தொட்டி அறவே காலியாக இருக்கவேண்டும். இது தீயைப் பற்றிய விதி, விளையாட்டன்று. சாக்கும் வைக்கோலும் சுற்றி, புறப்படும் ஊரும் சேரும் ஊரும் தெளிவாக எழுதிய அட்டையைக் கட்டவேண்டும். கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

தீர்ப்புக்கு வருகிறேன். நின்றுபோன வண்டியை முதலில் மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொன்னேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. படித்துப் பார்த்தோம். ஒன்பது ஆண்டுக் கிழம்! இரண்டையும் மாற்றினான். பிறகு, தூத்துக்குடியிலிருந்து மதுரைவரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டர், பகலில் ஓட்டிச் செல்லட்டும். மதுரையில் வண்டியின் நிலையையும் தன் நிலையையும் அவனே பார்த்து, மேலே ஓட்டுவதா ஏற்றுவதா என்று அவனே முடிவு செய்யட்டும் என்றேன். தங்கைக்கு இது பாதித் தீர்ப்பாகத் தோன்றியது. என்னையும் உடன் போகச் சொன்னாள். நான் பேருந்தில் போனேன்.

மதுரையில் அவனுக்காகக் காத்திருந்தேன். காலை ஆறரைக்குப் புறப்பட்டவன் பத்தேமுக்காலுக்கு வந்தான். மூன்று இடங்களில் நிறுத்தியிருந்தான். முகம் மலர்ந்திருந்தது, தந்தை ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து கேட்ட ஓசையை, முன்னால் உட்கார்ந்து கேட்டானாம். வண்டியிலிருந்து இறங்கி, ஒன்றும் சொல்லாமல், கையைத் தரைக்கும் எந்திரத்துக்கும் நடுவில் நீட்டினான். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. சிறிது பொறுத்து மற்றொன்று. அளவுகோலை எடுத்துப் பார்த்தபோது, புறப்படும்போது மேற்கோட்டில் இருந்த எண்ணெய் கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தது. இன்னும் நானூற்றைம்பது கிலோமீட்டர் இருந்தது.

“ஏற்றிவிடலாம், மாமா” என்றான் அவனே.

பாண்டியன் விரைவு வண்டி மதுரையிலிருந்தே புறப்படுவது. ஏற்றுவதற்கு அவகாசம் உண்டு. தொட்டியிலிருந்த பெட்ரோலை வடித்து ஓர் ஆட்டோக்காரருக்குக் கொடுத்தோம். சாக்குச் சுற்றுபவர் வேலையைப் பார்த்துக்கொண்டே நின்ற மருமகன், முன்சக்கரத்துக் கட்டை இருமுறை தொட்டுப் பார்த்தான். மறுநாள் காலை சென்னையிலிருந்து பேசினான். அட்டை கிழியவில்லையாம். பெட்ரோல் ஊற்றி, அம்மீட்டரின் முள்ளை நடுவில் நிறுத்தி உதைத்ததில், மூன்றாவது உதைக்குக் கிளம்பிற்றாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றி, பேரிங்கில் ஓசை வருகிறதா என்று காது வைத்துக் கேட்டானாம். எண்ணெய் ஒழுகும் இடத்துக்கு இனிமேல்தான் புதுக் காஸ்கெட் வாங்கவேண்டும்.